யாருடைய உத்தரவு

தேர்வு அதிகாரி தணிகாசலம் யாரையும் லேசில் நம்பமாட்டார். பிறவியிலேயே கை நடுக்கமுள்ள மாணவி இன்பராணி, பரீட்சையில் தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டு, அரசு மருத்துவமனைச் சான்றிதழை நீட்டினாள். அவர் விரலில் எச்சில் தொட்டு அதன் முத்திரையைத் தேய்த்தார்.

"நடுக்கம் யார் வேணும்னாலும் காட்டலாம். எழுத வர்றவன் தனக்குத் தெரிஞ்சதையும் சேர்த்து எழுதிட்டா?"

டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல, "மனு நிராகரிக்கப்படுகிறது" என்று உத்தரவு தயாரானது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"சார், இது டைப்பிஸ்ட் சாரோட உத்தரவா?" என்றாள் இன்பராணி.

"என்ன பேச்சு இது? நான் சொன்னேன், அவர் அடிச்சார்."

"அவரா எதையும் சேர்த்திருந்தா?"

"எதிர்லயே உட்கார்ந்திருக்கேன். எப்படிச் சேர்ப்பார்?"

"அப்ப என் பரீட்சையிலயும் ஒருத்தரை எதிர்ல உட்கார வைங்க சார்."

டைப்பிஸ்ட் அடித்த தாளை மெஷினிலிருந்து உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகினார். "சொல்லுங்க சார்" என்று காத்திருந்தார்.

தணிகாசலம் முத்திரையை இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார். அது அழியவில்லை.

"மனு அனுமதிக்கப்படுகிறது" என்றார்.

டைப்பிஸ்ட் ஓர் எழுத்துகூடச் சேர்க்காமல் அடித்தார்.