சொட்டுத் தவளைக்கு அழுதவர்கள்

ஆனைப்பள்ளக் குளத்தில் குமுதவல்லி என்றொரு நாமக்கோழி, அதாவது நீர்ப்பறவை, இருந்தது. உடம்பெல்லாம் கரிக்கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். பார்க்க ஆசாரமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு பைத்தியம் இருந்தது. கதைப் பைத்தியம்!

அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை ஒன்று உண்டு. மழையைத் தேடிப் போன யானையின் கதை. மலை மலையாக ஏறிப் போன யானை, கடைசியில் மேகத்தைத் துதிக்கையால் பிடித்து இழுத்து வந்ததாம். போகும்போது அதன் முதுகில் ஒரு குட்டித் தவளையும் தொற்றிக்கொண்டு போனதாம். நடுவழியில் தவளை வழுக்கி விழுந்தது என்று ஒரே ஒரு வரி வரும். அப்புறம் தவளையைப் பற்றிப் பேச்சே இல்லை. யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமுதவல்லிக்கு இது பொறுக்கவில்லை. "யானையைக் கொண்டாட ஊரே இருக்கு. பாவம், அந்தக் குட்டிக்கு யார் இருக்காங்க?" என்று, மீதிக் கதையைத் தானே கட்டத் தொடங்கியது. தவளைக்குச் சொட்டு என்று பெயர் வைத்தது. தனியாக விழுந்த சொட்டு எப்படி மலை இறங்கியது, யார் யாரிடம் வழி கேட்டது, எங்கெல்லாம் ஏமாந்தது என்று சாயங்காலம்தோறும் கோரைப்புல் திட்டில் உட்கார்ந்து சொல்லும். இதற்குக் கூலியும் கிடையாது, கும்பிடும் கிடையாது. பகலெல்லாம் கதையையே யோசித்து, பாதி நாள் நத்தை பொறுக்க மறந்து போகும்.

கேட்க நல்ல கூட்டம் வரும். முயல் குடும்பத்தோடு வரும். எருமை வரும். குரங்கு வரும். உடும்பு முதல் ஆளாக வந்து முன்னால் உட்காரும். கதை நடக்கும்போது யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

சங்கடம் எல்லாம் கதை முடிந்த பிறகுதான். "இன்னைக்கு இவ்வளவுதான்!" என்று குமுதவல்லி வாயை மூடுவதற்குள் கூட்டம் எழுந்து ஓட்டம் பிடிக்கும். சாதாரண ஓட்டம் இல்லை. கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க ஓடுவது போல, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு கரையைத் தாண்டி மறைந்துவிடும்.

குரங்கு மட்டும் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போகும். "அக்கா, இவ்வளவுதானா? நாளைக்கு நீளமா சொல்லுங்க! சொட்டுக்கு ஒரு குரங்கு சிநேகிதன் வேணும். பார்க்க அப்படியே என்னை மாதிரி!"

உடும்பு ஓடாது. நிதானமாகக் கிட்டே வரும்.

"தவளைக்கு முன்னங்காலில் நாலு விரல்தான்! நீங்க அஞ்சுன்னு சொல்லிட்டீங்க."

"அப்படியா? நாளையிலிருந்து மாத்திக்கறேங்க."

"மாத்தினா மட்டும் போதுமா? இன்னைக்குச் சொன்னது தப்புன்னு எல்லோருக்கும் சொல்லணும்!"

உடும்பு பிடித்தால் விடுமா? இருட்டும் வரை அந்த ஒரு விரலையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

குமுதவல்லி குழம்பிப் போனது. 'கதை பிடிக்கவில்லையென்றால் ஏன் வருகிறார்கள்? பிடித்திருந்தால் ஏன் இப்படி ஓடுகிறார்கள்?' ஒருநாள் வெட்கத்தை விட்டு முயலிடம் கேட்டேவிட்டது. "கதை எப்படி இருந்தது?"

முயலுக்குக் காது இரண்டும் விறைத்துப் போயிற்று. "கதைதானே அக்கா... சொன்னீங்க... கேட்டேன்..." என்று தடுமாறி, குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது. கேட்டதே தப்பு என்று குமுதவல்லி தன் தலையில் அடித்துக்கொண்டது.

பிறகு ஒரு சாயங்காலம் அது சொன்ன பகுதி, அதற்கே மிகவும் பிடித்த பகுதி. சொட்டு ஒரு காய்ந்த பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் தினமும் மெல்லிய குரலில் மழைப்பாட்டைப் பாடிப் பார்க்கிறது. 'மழை வரும் நாளில் பாட்டு மறந்துபோய் நிற்கக்கூடாது இல்லையா?' இந்த வரியைக் கட்டும்போது குமுதவல்லி தனியாக அழுதிருந்தது. இதற்காவது யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நம்பியிருந்தது.

கதை முடிந்தது. கூட்டம் ஓடிவிட்டது. உடும்பு கிட்டே வந்தது.

"வெயில் காலத்தில் தவளை மண்ணுக்குள்ளே பதுங்கித்தான் கிடக்கும். பாறை மேல உட்காராது!"

குமுதவல்லிக்கு மனசு விட்டுப் போயிற்று. 'சொட்டு எனக்கு மட்டும்தான் வேண்டியவன் போலிருக்கிறது. யாருக்கும் வேண்டாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஏன் தெருத்தெருவாக அலையவேண்டும்?' என்று நினைத்தது. மறுநாள் கதையைத் தொடங்கிய வேகத்தில் முடித்தது.

"பின்னால் ஒரு பாம்பு வந்தது. சொட்டின் பின்னங்காலைக் கவ்வியது. ஒரே மடக்கில் விழுங்கியது. கதை முடிந்தது!"

எருமையின் வாயிலிருந்து பாதி மென்ற புல் கீழே விழுந்தது. அடுத்த நொடி, இதுவரை ஓடாத ஓட்டமாக எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். குரங்குகூட எதுவும் கேட்கவில்லை.

உடும்பு வாயைத் திறந்தது. "அது வந்துங்க..."

"போதும்! எத்தனை விரல், எத்தனை பல், எதுவும் எனக்குச் சொல்ல வேணாம்!" என்று கத்திய குமுதவல்லி, தண்ணீர் மேல் தடதடவென்று ஓடிக் கிளம்பியது. வேறு ஏதாவது குளத்துக்குப் போய், வாயே திறக்காமல் நத்தையைத் தின்றுவிட்டு வாழ்ந்துவிடலாம் என்பது அதன் முடிவு.

மேற்குக் கரையைத் தாண்டும்போது ஒரே கூச்சல் கேட்டது. 'யார் வீட்டில் என்ன ஆயிற்று?' என்று புல்லை விலக்கிப் பார்த்தது.

அங்கே ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில் மொத்தக் கூட்டமும் இருந்தது. எருமை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தது. குரங்கு மார்பில் அடித்துக்கொண்டிருந்தது. முயல் குட்டிகள் சின்னதாய் ஒரு மண்மேடு கட்டி, அதன் மேல் பூ வைத்துக்கொண்டிருந்தன.

"நேத்துதானே மழைப்பாட்டைப் பாடிப் பார்த்தான்!" என்று முயல் விம்மியது. "'மழை வரும் நாளில் பாட்டு மறந்துபோய் நிற்கக்கூடாது இல்லையா'ன்னு சொன்னானே! என் குட்டிங்க ராத்திரி பூரா அதையே பாடிட்டுக் கிடந்துச்சுங்க!"

ஓர் எழுத்து பிசகாமல் அது தன்னுடைய வரி! குமுதவல்லிக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. அடுத்த கணமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புல்லிலிருந்து துள்ளி வெளியே குதித்தது.

"இங்கே என்ன நடக்குது?"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். எருமைதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னது. "தினமும் நடக்கிறதுதான் புள்ள. உன் கதை முடிஞ்சதும் இங்கே கூடிப் பேசுவோம். மரத்தடியில இடம் கம்மி. முந்தி வந்தவங்களுக்குத்தான் உட்கார இடம். அதான் ஓடி வர்றோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"எனக்கு அழகாப் பேச வராது அக்கா," என்றது முயல். "தப்பா ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயம்."

"மத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்," என்றது எருமை.

"புகழ்ந்தா உங்களுக்குத் தலைக்கனம் வந்துடும்னு நான்தான் எல்லோரையும் தடுத்தேன்," என்றது குரங்கு பெருமையாக. "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்!"

"நல்லா இருக்குது உங்க நியாயம்! உங்க பாராட்டையெல்லாம் இந்த நாவல் மரம்தான் கேட்டிருக்கு. இதுவா கதை சொல்லுச்சு?" குமுதவல்லிக்குக் குரல் உடைந்தது. "யாருக்கும் சொட்டைப் பிடிக்கலைன்னு நினைச்சுத்தானே அவனைப் பாம்புக்குக் கொடுத்தேன்!"

சொட்டைக் கொன்றது யார் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள்.

"சரி, அப்போ சொட்டை எழுப்புங்க! இப்பவே!" என்றது குரங்கு.

எருமை ஒரு முறை முறைத்தது. குரங்கு பின்வாங்கி மரத்தில் ஏறிக்கொண்டது.

முயல் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தது. "அக்கா, போன கோடையில் நரிக்குப் பயந்து நாங்க வளைக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தோம். குட்டிங்களுக்குப் பசி. அப்போ, சொட்டு தனியா மலை இறங்கின கதையைத்தான் அதுங்களுக்குச் சொல்லித் தூங்க வெச்சேன். இதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

குமுதவல்லி அழுதேவிட்டது. "இப்போ சொல்லி என்ன செய்ய? விழுங்கினது விழுங்கினதுதான். என் வாயாலேயே சொல்லிட்டேனே!"

பின்னாலிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். உடும்பு! ஊர்ந்து ஊர்ந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

"நான் அப்பவே சொல்ல வந்தேன். நீங்க விடலை."

"சரி, சொல்லித் தொலைங்க!"

"பின்னங்காலைப் பிடிச்சா தவளை சும்மா இருக்காது. காத்தை இழுத்து உடம்பை ஊதிக்கும். பாம்பு வாய்க்குள்ளே அது நுழையாது. விழிபிதுங்கி, பாம்பு துப்பிட்டுப் போக வேண்டியதுதான். ஒரே மடக்கில் விழுங்குச்சுன்னு நீங்க சொன்னது தப்பு. பெரிய தப்பு!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மரத்தடி அதிர்ந்தது. எருமை உடும்பைத் தலையிலிருந்து வால்வரை நக்கித் தள்ளியது. முயல் குட்டிகள் மண்மேட்டைக் கலைத்துவிட்டு அதன்மேலேயே குதித்தன. உடும்பு எச்சில் சொட்டச் சொட்டத் திகைத்து நின்றது. குறை சொன்னதற்காக அதை யாரும் இதுவரை கொஞ்சியதில்லை.

"ஏங்க, உங்களுக்கு என் கதை பிடிக்குமா?" என்று கேட்டது குமுதவல்லி.

"இதென்ன கேள்வி! பிடிக்காத கதைக்கு நான் ஏன் உட்கார்ந்து விரல் எண்ணப் போறேன்?"

"அட மகராசரே! அதை முதல்ல சொல்லுங்க. விரல் கணக்கை அப்புறமா சொல்லுங்க!"

மறுநாள் சாயங்காலம் சொட்டு உடம்பை ஊதிக்கொண்டு பாம்பின் வாயிலிருந்து வெளியே வந்து விழுந்தது. "இன்னைக்கு இவ்வளவுதான்!" என்றது குமுதவல்லி. கூட்டம் சட்டென்று எழுந்தது. பழக்கதோஷம்! நாலடி ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்து, அசடு வழியத் திரும்பி வந்து நின்றது.

"நல்லா இருந்துச்சு புள்ள," என்றது எருமை. அதற்கு மேல் அதற்கு வரவில்லை. முயல் தனக்குப் பிடித்த வரியைத் திக்கித் திக்கிச் சொன்னது. குரங்கு 'நாளைக்கு' என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிக்கொண்டு, "சிரிச்சேன்க்கா!" என்றது. உடும்பு, "ரொம்பப் பிடிச்சுது," என்று சொல்லிவிட்டு, அடுத்து வாய் திறப்பதற்கு மரியாதையாகக் காத்திருந்தது.

குமுதவல்லி நத்தை தேடுவது போலத் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தபோது அலகில் நத்தை எதுவும் இல்லை. முகம் நிறையச் சிரிப்பு மட்டும் இருந்தது.

ஆகவே, காசு வாங்காமல் நமக்கு மகிழ்ச்சி தந்தவருக்கு நாம் தரவேண்டியது ஒரு நல்ல வார்த்தை. அதை ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் கொடுக்காமல் விடக்கூடாது.