லேபம் காயும்வரை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. கேட்டபோது தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒவ்வொன்றாகச் சந்தேகம் எழுந்தது. ஒரு மனிதர் வருடக்கணக்கில் சிரிக்காமல் இருக்க முடியுமா? இருந்தாலும் உடன் இருப்பவர்கள் கேட்காமல் விடுவார்களா? ஒரு குரு, தன் சொல் இப்படித் திரிந்து போனதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வாரா?

நம்பாத கதையை மறந்துவிட வேண்டியதுதானே. அதுவும் முடியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு, சவரம் செய்யும்போது தாடையோரத்துத் தோலை ஒரு விரலால் மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து இந்தக் கதை வந்து நிற்கும்.

எனக்கு இதைச் சொன்னவர் சிவதாணுப் பிள்ளை. கதையில் வரும் சீடரும் அவர்தான். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கைகூப்பிச் சிரித்து வரவேற்பது சிவதாணுவின் வேலை. இளவயதில் சேர்ந்தவர், "வாங்க, வாங்க" என்று சொல்லியே ஐம்பதைத் தாண்டினார். கன்னங்கள் இறங்கின. தாடைக்குக் கீழே தோல் தளர்ந்தது.

ஒரு நாள் முதலாளியின் மகன் அவரை உள்ளே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இனி நீங்க குடோனைப் பாத்துக்கிடுங்க. வாசலுக்குப் புது முகம் ஒண்ணு வரட்டும்."

புது முகம் வந்தது. சிவதாணு குடோனுக்குப் போனார். துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்ததில் அவருக்கு ஒன்று தெளிவானது. சிரித்துச் சிரித்துத்தான் முகம் இறங்கிவிட்டது.

மனைவி இறந்து சில காலம் ஆகியிருந்தது. ஒரே மகள் பகவதி கல்யாணமாகிப் போய்விட்டாள். தடுக்க ஆளில்லை. வேலையை விட்டுவிட்டு, குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வைத்தியசாலை வைத்திருந்த பொன்னையன் ஆசானிடம் போனார்.

ஆசானுக்கு அவரைவிடச் சற்றே வயது கூட. இரண்டு கன்னமும் தாடைக்குக் கீழே வந்து தொங்கின. சிவதாணுவுக்கு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று இருந்தது.

"என்ன வேணும்?" என்றார் ஆசான்.

"முகம் தளராம இருக்க வழி வேணும், ஆசானே."

"வெயிலிலே குடை பிடியும். பீடி உண்டா?"

"எப்பவாவது."

"அதை விடும். பட்டினி கிடந்து உடம்பைச் சட்டுனு வத்த வைக்காதேயும். நல்லா உறங்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவும் செஞ்சா, இறங்குறது மெதுவா இறங்கும்."

"இறங்கினதை ஏத்தணும்னா?"

"அதுக்கு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. டவுனிலே தோல் டாக்டர்மார் இருக்காவ. ஊசி, லேசர், ஆபரேஷன்னு என்னெல்லாமோ செய்யுதாவ. வேணும்னா போய்க் கேளும்."

"நீங்க முகத்திலே பூசி விடுற லேபம்?"

"தோல் குளிரும். ரெண்டு நாள் மினுங்கும்."

சிவதாணு ஆசானின் கன்னத்தையே பார்த்தார்.

"என்ன பாக்கீரு? எனக்கும் தொங்கத்தான் செய்யுது" என்றார் ஆசான்.

சிவதாணு திரும்பிப் போகவில்லை. வந்த அன்றைக்கே எந்தக் குருவும் உண்மையைச் சொல்லிவிட மாட்டார், கூட இருந்து தொண்டு செய்தால் தானாக வெளிவரும் என்று நினைத்தார். வைத்தியசாலையிலேயே தங்கினார். சந்தனம் அரைத்தார். பயறு இடித்துச் சலித்தார். கொஞ்ச நாளில் ஆசான் அவரைச் சீடராக வைத்துக்கொண்டு மருந்துகளைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் லேபத்துக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களை வரிசையாகப் பாயில் படுக்க வைத்து, முகத்தில் பூசிவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஆசான் ஒன்றையே சொல்வார்.

"காயும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. முகம் அசைஞ்சா வெடிச்சிரும்."

இதைத் திரும்பத் திரும்பக் கேட்ட சிவதாணுவுக்கு ஒரு நாள் பொறி தட்டியது. குடோனில் தான் கண்டுபிடித்ததும் இதுதானே. எல்லோர் காதிலும் விழும்படி ஆசான் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு உபதேசம். புரிகிறவனுக்குப் புரியட்டும் என்று விட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து சிவதாணு, லேபம் போடாதபோதும் லேபம் போட்டவர்போல இருந்தார். சிரிக்கவில்லை. புருவத்தைத் தூக்கவில்லை. பேசும்போது உதடு மட்டும் அசைந்தது. சாப்பிடும்போதுகூட மெதுவாக மென்றார்.

வந்து போகிறவர்கள், "பிள்ளைவாளுக்கு நல்ல பக்குவம் வந்திட்டு" என்றார்கள். ஆசான், மனைவி போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை.

கன்னம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயோ அசந்துவிடுகிறோம் என்று சிவதாணு இன்னும் இறுக்கமானார்.

இப்படி இரண்டு மூன்று வருடம் போனது. பகவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இனியா என்று பேர் வைத்தார்கள். மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. தவழ ஆரம்பித்திருந்த குழந்தையோடு புறப்படத் தயாராகிவிட்டு, பகவதி அப்பாவைப் பார்க்கக் குலசேகரத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கினாள். இனி எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது.

சிவதாணு குழந்தையைத் தூக்கப் போனார். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வீறிட்டு அழுதது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் குரல் கேட்டதுமே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"புது ஆள் இல்லியா, அப்பா. அதான்" என்றாள் பகவதி. ஆனால் அவளும் அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்காமல்தான் அதைச் சொன்னாள்.

சிவதாணு வைத்தியசாலைக்குத் திரும்பினார். ஆசான் முன்னால் போய் நின்றார்.

"ஆசானே, உங்ககிட்ட இருக்கிறதிலேயே கடுமையான லேபம் எதுவோ அதை எனக்குப் போடணும்."

"எதுக்கு?"

"என் மூஞ்சியைக் கண்டா பேத்தி அழுகா. அவ்வளவு கோரமாப் போச்சு. அவ போறதுக்குள்ளே ஒரு தடவையாவது அவளைத் தூக்கணும்."

"வேற யாரைக் கண்டெல்லாம் அழுகா?"

"வேற யாரைக் கண்டும் அழல்லே. பக்கத்து வீட்டிலே ஒரு கிழவி இருக்கா. பல்லே கிடையாது. முகம் பூரா சுருக்கம். அவகிட்டே தாவிக்கிட்டுப் போறா."

"அப்போ சுருக்கம் பாத்து அழல்லே."

ஆசான் எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"வே, எங்கே, ஒண்ணு சிரியும்."

"மாட்டேன் ஆசானே."

"ஏன்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நானா? என்ன சொன்னேன்?"

"பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகம் அசைஞ்சா வெடிச்சிரும்னு."

ஆசான் மெதுவாக உட்கார்ந்தார்.

"லேபம் வெடிக்கும்னு சொன்னேன் வே. மூஞ்சி வெடிக்கும்னு எப்போ சொன்னேன்?"

சிவதாணுவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"எத்தனை காலமா இப்படி இருக்கீரு?"

"ரெண்டு மூணு வருஷமா."

"நான் ஒரு மடையன். பெண்டாட்டியை நினைச்சு இருக்கீருன்னு விட்டுட்டேன்" என்றார் ஆசான். "மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வாரும்."

பகவதி குழந்தையோடு வந்தாள். ஆசான் ஒரு கிண்ணத்தில் லேபம் குழைத்து வைத்திருந்தார். அதைச் சிவதாணுவுக்குப் போடப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆசான் அதைத் தன் முகத்திலேயே அப்பிக்கொண்டார். நெற்றி, மூக்கு, தொங்குகிற கன்னம், தாடை, எதையும் விடவில்லை. பாயில் குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

குழந்தைக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அவரைப் பார்த்துக் கையைத் தட்டியது. ஆசான் அசையவில்லை. "ங்கா" என்றது. அசையவில்லை. கொஞ்சம் தவழ்ந்து கிட்டே வந்து முகத்தை அண்ணாந்து பார்த்தது. லேபம் காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் இரண்டு கண்கள் மட்டும் விழித்தபடி இருந்தன.

குழந்தையின் உதடு பிதுங்கியது. திரும்பி அம்மாவைப் பார்த்தது. அழ ஆரம்பித்தது.

"பாத்தீரா, வே?" என்றார் ஆசான். வாயைத் திறந்ததும் லேபத்தில் கோடுகள் ஓடின.

"பாத்தேன்."

"நான் என்ன செஞ்சேன் இவளை?"

"ஒண்ணும் செய்யல்லே."

"அதான்."

அப்படிச் சொல்லிவிட்டு ஆசான் இரண்டு கன்னத்தையும் ஊதினார். காய்ந்த லேபம் படபடவென்று வெடித்தது. ஒரு துண்டு மூக்கிலிருந்து மடியில் விழுந்தது. அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குழந்தை பார்த்தது. ஆசான் புருவத்தைத் தூக்கினார். நெற்றியிலிருந்து ஒரு பெரிய சில்லு உதிர்ந்தது. நாக்கை நீட்டினார். தாடையில் இருந்ததும் உதிர்ந்தது.

குழந்தை சிரித்தது. சும்மா இல்லை, வயிறு குலுங்கச் சிரித்தது. உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

"ஐயோ, திங்கப் போறா!" என்று பகவதி பாய்ந்து பிடுங்கினாள்.

"பயறும் சந்தனமுந்தான் மக்ளே, பயப்படாதே. ஆனா வேண்டாம். அப்புறம் தினமும் கேப்பா" என்றார் ஆசான்.

ஆசானின் முகம் இப்போது மழைக்கு உதிர்ந்த பழைய சுவர்போல இருந்தது. ஒரு கன்னத்தில் லேபம், ஒரு கன்னத்தில் தோல். மீசையில் மாவு. அந்த முகத்தோடு மிகவும் மரியாதையாகச் சிவதாணுவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க" என்றார், ஜவுளிக்கடை வாசலில் நிற்பவரைப்போல. "பட்டுச்சேலை மாடியிலே."

சிவதாணுவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று பகவதி நினைத்தாள். இன்னொரு சத்தம் வந்தது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. அந்த முகம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கதவுபோல முதலில் ஒரு பக்கமாகத்தான் திறந்தது. பிறகு முழுக்கத் திறந்தது.

"அப்பா," என்றாள் பகவதி.

குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவரை இதுவரை பார்க்காதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. தவழ்ந்து வந்து, அவர் முழங்காலைப் பிடித்து எழுந்தது. சிவதாணு அதைத் தூக்கினார். அது அழவில்லை. அவர் முகத்தின் மேல் கையை வைத்துத் தடவியது. தொங்குகிற கன்னத்தில் ஒரு பிடி கிடைத்தது. அதை இறுகப் பற்றிக்கொண்டு, விழாமல் அவர் தோளில் சாய்ந்தது.

பகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சிவதாணு மெதுவாகக் கேட்டார்.

"ஆசானே, சிரிச்சா கோடு விழாதா?"

"விழும்."

"அப்போ இந்தத் தொங்கலுக்கு என்ன செய்ய?"

ஆசான் மீசையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"வெயிலிலே போகும்போது குடை பிடியும். மத்தபடி அது கிடக்கட்டும் வே. பிள்ளை பிடிச்சுக்கிட ஏதாவது வேண்டாமா?"

இதுதான் கதை. போன மாதம் நாகர்கோவில் போயிருந்தபோது சிவதாணுப் பிள்ளையை மறுபடியும் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்த நேரம். எழுபதைத் தாண்டிவிட்டார். பேத்தி கல்லூரிக்குப் போகிறாளாம்.

இத்தனை வருடச் சந்தேகங்களையும் இன்று கேட்டுவிடுவது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ அவரிடம் ஏதோ கேலியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சிரித்தார். இரண்டு கன்னமும் சேர்ந்து குலுங்கின. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையா, நடந்ததா என்பதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

"அண்ணாச்சி," என்றேன், "பிள்ளை அப்படிக் கன்னத்தை இறுக்கிப் பிடிச்சப்போ வலிச்சுதா?"