சாது வால்பூவும் மற்றதும்

கோவில்பட்டியில் பிறந்த செண்பகவல்லி அம்மா இமயமலைப் பக்கம் ஒரு மடம் வைத்திருந்தார். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு அடுப்பு, சுற்றிலும் புல்வெளி. சீடர் ஒரே ஒருவர். தென்காசிப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதனால் குரு சீடரை "அண்ணாச்சி" என்றார், சீடர் குருவை "அம்மா" என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞானம் கேட்டு வந்தவருக்கு அம்மா செடியை இனம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் புல்வெளியில் நீலப் பூ ஒன்று பூக்கும். பின்பக்கம் வால்போல நீண்டிருப்பதால் வால்பூ என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு ஜாதி. ஒன்றை மாடு தின்றால் ஒன்றும் ஆகாது. அதைச் சாது என்றார்கள். மற்றதைத் தின்ற மாடு பொழுது சாய்வதற்குள் விழுந்துவிடும். அதற்குப் பேர் வைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை.

பூத்துவிட்டால் பிரச்சினை இல்லை. சாதுவுக்கு வளைந்த வால், மற்றதற்கு நேர் வால். பூக்காத காலத்தில் இலை இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். அடித்தண்டைத் தடவித்தான் பார்க்க வேண்டும். சாதுவுக்குக் கையில் உறுத்துகிற மெல்லிய மயிர், சுணை, உண்டு. மற்றது வழவழவென்று இருக்கும்.

ஆவுடையப்பனுக்கு இது ஏறவேயில்லை. இரண்டு தண்டை நீட்டினால் போதும், பதறிப்போய்த் தப்பானதைச் சாது என்பார்.

"செவப்பு வெளக்கப் பாத்து வண்டிய அனுப்பிட்டீகளே அண்ணாச்சி," என்பார் அம்மா.

"மண்டையில நிக்க மாட்டேங்குதும்மா. வேற ஏதாவது சொல்லிக் குடுங்களேன்."

"மொதல்ல இது."

அந்த வருஷ மழையில் கீழ்ப் புல்வெளி மண்சரிவோடு போய்விட்டது. மறுநாள் காலையில் பசந்தி தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தாள். கீழே குடிசையில் தனியாக இருப்பவள். புருஷன் இல்லை, இந்த ஒரு மாடுதான் சோறு போடுகிறது. முந்தாநாள்தான் கன்று போட்டிருந்தது. வீட்டில் ஒரு பிடி வைக்கோல் இல்லை. மேல்சரிவில் மேய விடலாமா, அங்கே அந்தச் செடி நிறைய இருக்கிறதே என்று கேட்டாள்.

மூவரும் மேலே போனார்கள். செடிகள் இன்னும் மொட்டுகூட விடவில்லை. அம்மா பாதையில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"சாதுதான். மேயட்டும்."

ஆவுடையப்பன் மாட்டின் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்கு விலா எலும்பு தெரிந்தது, மடி மட்டும் கனத்துத் தொங்கியது. பசந்தி கயிற்றை விட்டாள். மாடு தலையைத் தாழ்த்தியது.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் ஆவுடையப்பன்.

கயிற்றை எட்டிப் பிடித்துப் பசந்தியிடம் கொடுத்துவிட்டு, வலிக்கிற முழங்காலை மடக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். ஒரு செடியின் அடியைத் தடவினார். பக்கத்துச் செடியையும் தடவினார்.

"என்ன அண்ணாச்சி?"

"சொணை இல்லம்மா."

"இருவது வருசமாப் பாக்குற செடி அண்ணாச்சி."

"அதான் எனக்கும் பயமா இருக்கு. இருந்தாலும் வேண்டாம். மாட்டப் புடிச்சுக்கிடச் சொல்லுங்க."

அவர் குருவை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா இறங்கி வந்தார். குனிந்து கட்டைவிரலால் ஒரு தண்டைத் தடவினார். இன்னொன்றைத் தடவினார்.

பிறகு பசந்தியின் பக்கம் திரும்பி, "தப்பாச் சொல்லிட்டேன். மாட்டக் கூட்டிட்டுப் போ," என்று அவள் பாஷையில் சொல்லிக் கைகூப்பினார். பசந்தி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று பகல் முழுக்க குருவும் சீடரும் ஓடைக்கரையில் புல் அறுத்து அவள் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளி ஆள் முன்னால் குருவை மறுத்தாயிற்று, இனி இங்கே நமக்கு இடமில்லை என்று ஆவுடையப்பன் முடிவுகட்டினார். மடத்துக்குத் திரும்பியதும் படுக்கையைச் சுருட்டிக் கட்டினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பசந்தி சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அம்மாவைக் கும்பிட்டாள். ஆவுடையப்பன் காலில் விழப்போனாள். அவர் பதறி நகர்ந்துகொண்டார். "என் கன்னு பால் குடிச்சிட்டுத் தூங்குது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மடத்தில் எது வந்தாலும் குருவுக்குத்தான் முதல் பங்கு. அம்மா சீம்பாலை வெட்டி முதல் துண்டை ஆவுடையப்பன் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க."

"பேசக்கூடாத எடத்துல பேசிட்டேம்மா. போகச் சொன்னா போயிருதேன்."

"போயிட்டா, நாளைக்கு நான் தப்பாச் சொல்றப்ப யாரு தடுக்கறது?" என்றார் அம்மா. "அந்த மாடு செத்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னே தெரியல. இன்னிக்கு நீங்க எனக்குச் செஞ்சதுக்கு இந்த ஜென்மம் பூரா நன்றி சொல்லணும் அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளும் எனக்கு இது சரியா வந்ததில்ல. உங்களுக்குத் தப்புனதில்ல. இன்னிக்கு மட்டும் எப்பிடிம்மா?"

அம்மா இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தார்.

"நான் செடியப் பாத்தேன் அண்ணாச்சி. நீங்க மாட்டப் பாத்துட்டுல்லா குனிஞ்சீக."