உறைமோரும் இனாம் பாலும்

"குடுக்கறதுன்னா குடுக்கணும், டீச்சர். குடுத்துட்டு அப்புறம் என்னங்க சட்டம் பேசறது?"

செங்கோடன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பவானியில் மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுப்பவர். விசைத்தறியை விற்றுவிட்டு வந்து அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர் செங்கோடன். எல்லாம் மகள் நிறைமதிக்காக. அவளுக்குக் கண் தெரியாது. புத்தகத்தை விரலால் தடவித்தான் படிப்பாள்.

பாடப்புத்தகத்தைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்கும்படி ஒன்றை அவர் செய்து முடித்துவிட்டார். திங்கட்கிழமை அதை அவள் பள்ளிக்கூடத்துக்குத் தருவதாக ஏற்பாடு. டீச்சர் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்.

"உங்க வீட்ல ஓட்டிக்கங்ணா. வெளிய தர முடியாது."

"என் புள்ள கேக்கலாம், கூடப் படிக்கறதுக கேக்கக்கூடாதா? இது எந்த ஊர் நியாயமுங்க?"

செங்கோடன் செய்ததில் இரண்டு பாகங்கள் அவருடையவை அல்ல. எழுத்தை ஒலியாக்கும் எஞ்சின் யாரோ ஒருவர் எழுதியது. படிக்கும் குரல் வேறொரு பெண்மணியுடையது. இரண்டும் இணையத்தில் இனாமாகக் கிடைத்தவை. இரண்டோடும் ஒவ்வொரு லைசென்ஸ், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, இருந்தது. செங்கோடன் இரண்டுக்கும் 'சம்மதம்' என்று அழுத்தியிருந்தார், ஊரே அழுத்துவதுபோல, படிக்காமல்.

டீச்சர் ஒரு சொம்பை நீட்டினார்.

"எதுத்த வீட்டு மாரப்பண்ணன்கிட்டப் பால் வாங்கிட்டு வாங்க. பக்கத்துல நாச்சக்கா வீட்ல உறைமோர்."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன..."

"வாங்கிட்டு வாங்ணா."

மாரப்பன் சொம்பு நிறைய ஊற்றினார். காசு வாங்கவில்லை.

"செத்துப்போன எங்கம்மா பேர்ல குடுக்கறதுங்க. யாரு வேணாலும் குடிக்கட்டும். இத வச்சு எவனும் யாவாரம் பண்ணக்கூடாது, அவ்வளவுதான்."

"சரிங்க" என்றார் செங்கோடன்.

நாச்சக்கா ஒரு கரண்டி உறைமோர் தந்தார்.

"தாராளமா எடுத்துக்கங்க. இதுல உறையற தயிர யாருக்குக் குடுத்தாலும், அதப் பண்ணாதே இதப் பண்ணாதேன்னு சொல்லிக் குடுக்காதீங்க. எனக்கு அது புடிக்காது."

"சரிங்க."

டீச்சர் பாலைக் காய்ச்சி ஆறவைத்தார். உறைமோரைச் செங்கோடன் கையாலேயே ஊற்றச் சொன்னார்.

"காலைல வாங்க."

காலையில் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. வாசலில் மெஸ் நடத்தும் சுலோச்சனா தூக்குப்போசியோடு நின்றார்.

"டீச்சர் தயிர் இருக்குன்னாங்க. மத்தியானம் சாப்பாட்டோட விக்கறதுக்கு வேணும்."

"அவங்களுக்குக் குடுங்ணா" என்றார் டீச்சர் உள்ளேயிருந்து.

செங்கோடன் கரண்டியால் அள்ளினார். மாரப்பன் நினைவுக்கு வந்தார்.

"இத விக்காம..." என்று ஆரம்பித்தார். நாச்சக்கா நினைவுக்கு வந்தார்.

கரண்டி அப்படியே நின்றது.

"தர்றதுன்னா தாங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லுங்க. அங்க ஒல கொதிக்குது!" சுலோச்சனா போசியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு பேருமே நல்ல மனசோடதானுங்க குடுத்தாங்க. நான் யாருகிட்டப் போயிச் சண்ட போடறது?"

"பால மட்டும் தனியாப் பிரிச்சு, மாரப்பண்ணன்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க."

அவர் தயிரைப் பார்த்தார். டீச்சரை முறைத்தார்.

"நீங்க மட்டும் சாப்புடறதுன்னா சாப்புடுங்ணா. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் தொடவில்லை. போனை எடுத்து அந்த இரண்டு லைசென்ஸையும் முதல்முறையாகப் படித்தார். குரல் கொடுத்த பெண்மணி, இதை யாரும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்றிருந்தார். எஞ்சின் எழுதியவர், இதைக் கலந்து செய்ததைப் பிறருக்குத் தரும்போது புதிதாக எந்தத் தடையும் போடக்கூடாது என்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தந்தாலும் 'விற்காதீர்கள்' என்று சொல்லியாக வேண்டும்; சொல்லவும் கூடாது.

போனைக் கீழே வைத்தார். பிறகு, "கொரல மாத்திப்புடறேனுங்க" என்றார். "திங்கக்கெழமைக்கு ஆகாது. ஆகாட்டிப் போகுது."

வீட்டுக்குப் போன் போட்டார்.

"நெறை, உன் புத்தகத்த எடுத்து வெய்யி. நீ சத்தமாப் படி, நான் பதிவு பண்றேன். இனிமே உன் கொரல்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டப்போகுது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவாப்பா? என் கொரல யாரு வேணாலும் எடுத்துக்குவாங்களா?"

"ஆமாஞ் சாமி. யாரு வேணாலும்."

"எடுத்து விக்கறவங்ககூடவா?"

எதிர்வீட்டில் மாரப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். செங்கோடன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா? சொல்லுங்கப்பா."