காகித டிராகனுக்கு ஒரு மூச்சு

"மூச்சு பத்தறதில்லீங்கம்மா. இருக்கிற கொஞ்சத்தை எப்படிப் பத்திரமா வச்சுக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆறுக்குட்டி மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடம் பஞ்சாலைத் தூசியைத் தின்ற நெஞ்சு அது.

நீலியம்மா அவரைவிட இருபது வயது இளையவர். மலையடிவாரத்தில் இரண்டு ஓட்டு வீடுகள் கட்டி, தேடி வருகிறவர்களைச் சும்மா உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில யாரு இருக்காங்க?"

"மகள் வீட்டிலதானுங்க இருக்கேன். பேரப் பிள்ளைங்க ரெண்டு. அதுதான் வினையே. அதுங்ககூட இருந்தாப் பேசறேன், சிரிக்கறேன், அப்பறம் மணிக்கணக்கா இருமறேன். பேசாம, சிரிக்காம இருந்தா இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடும்னு டாக்டர் சொல்றாரு."

"இல்லேன்னா?"

"அதை அவரு சொல்லலீங்க. பேனா மூடியைத் திருகிட்டே இருந்தாரு."

மாடத்தில் எரிந்துகொண்டிருந்த அகல் விளக்கை எடுத்து நீலியம்மா அவர் முன்னால் வைத்தார்.

"ஊதி அணைங்க."

"விளக்கை வாயால ஊதலாமுங்களா?"

"உங்க மூச்சுக்கு அது அணையாது. பயப்படாதீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஊதினார். சுடர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது. இன்னொரு முறை ஊதினார். மூன்றாவது முறை அவர்தான் சாய்ந்தார்.

"இது அணையற அன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றார் நீலியம்மா. "அதுவரைக்கும் பேச்சு கிடையாது. யாரையும் பார்க்கவும் கூடாது. உட்கார்ந்து மூச்சை எண்ணுங்க. சாயங்காலம் வந்து ஊதுங்க."

ஆறுக்குட்டி தங்கிவிட்டார்.

அவர் அறை வாசலில், ஆரஞ்சு நிற நோட்டீஸ் தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தது: மௌனம் காக்கவும்.

காத்தார்.

உடம்பு தேறியது. இருமல் பாதியானது. எண்ணிக்கை மட்டும் முழுசாக நடக்கவில்லை. நாற்பதைத் தாண்டும்போது எங்கிருந்தோ "அப்பிச்சி" என்று ஒரு குரல் கேட்கும். அம்மாவைப் பெற்ற தாத்தாவை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

ஒவ்வொரு சாயங்காலமும் ஊதினார். ஒவ்வொரு சாயங்காலமும் சுடர் தலையை ஆட்டியது.

பதினேழாம் நாள் மதியம் அந்தக் குரல் உண்மையாகவே கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். கம்பிக் கதவுக்கு வெளியே மகள் பூங்கொடி, மாற்று வேட்டியும் மருந்தும் அடங்கிய பையோடு நின்றிருந்தாள். எட்டு வயது சாதனாவும் ஐந்து வயது கவினும் எதையோ வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஊதுடா."

"ஊதறேன்."

"நீ துப்பறே."

"அப்ப நீயே ஊது, பாக்கலாம்."

டீக்கடைக் காகிதக் கப் ஒன்று. சுற்றிலும் பச்சைத் தாள் ஒட்டியிருந்தது. மேலே இரண்டு கண்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கப்பின் வாயே அந்தப் பிராணியின் வாய். அதிலிருந்து சிவப்புத் தாள் கீற்றுகள் தொங்கின. பின்பக்கத்திலிருந்து ஊதினால் கீற்றுகள் நெருப்பாகப் பறக்க வேண்டும். பறக்கவில்லை.

"அப்பிச்சிக்குன்னு செஞ்சது, நெருப்பே விட மாட்டேங்குது," என்றது கவினின் குரல். அழுகைக்கு ஒரு விரற்கடை தூரம்.

பஞ்சைக் குழாய்க்குள் காற்றால் ஓட்டும் பிரிவில் வேலை பார்த்தவர் ஆறுக்குட்டி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கப்பின் அடியை வெட்டவே இல்லை.

திரும்பி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒன்று, இரண்டு.

எட்டு வரை எண்ணினார். எழுந்து போய்க் கம்பிக் கதவைத் திறந்தார்.

"அடைச்ச குழாயில ஊதினா எப்படிடா வரும்?"

பதினேழு நாள் கிடந்த குரல். துருப்பிடித்த கதவுபோல் வந்தது.

"அப்பிச்சி பேசறாரு," என்றான் கவின்.

"அப்பா, பேசக் கூடாதுன்னு…"

"தெரியும் அம்மிணி. வீட்டுச் சாவியைக் குடு."

சாவி முனையால் கப்பின் அடியைக் குத்தி வட்டமாக எடுத்தார். கவின் கவலையோடு பார்த்தான். "டீ ஒழுகிடாதா?"

"அதனாலதான் இவன் வெட்ட விடல," என்றாள் சாதனா.

"கோயில் யாளி மாதிரி இருக்குதே."

"டிராகன் அப்பிச்சி. யாளி நெருப்பு விடாது."

சாதனா ஊதினாள். கீற்றுகள் சோம்பலாகப் புரண்டு படுத்தன.

"தாள் கனம். மெல்லிசா வேணும்."

ஆறுக்குட்டி சுற்றிலும் பார்த்தார். பிறகு அறை வாசலுக்குப் போய் நோட்டீஸின் ஒரு மூலையை நகத்தால் தூக்கி, ஒரே இழுப்பில் கிழித்தார்.

பூங்கொடி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நீள நீளமாகக் கிழித்தார்கள். மதியம் தட்டில் மிஞ்சிய சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினார்கள். சாதனா கப்பை அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குச் செஞ்சது. நீங்கதான் ஊதணும்."

"வேண்டாம்பா," என்றாள் மகள்.

சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் உள்ளே இழுத்து, ஊதினார்.

நெருப்பு வந்தது. ஒரு முழத்துக்கு, படபடவென்று. 'காக்கவும்' என்ற கீற்று கவினின் மூக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவன் தரையில் விழுந்து புரண்டான். ஆறுக்குட்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே இருமல் வந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். மகள் முதுகைத் தடவினாள்.

"இன்னொருக்கா," என்றான் கவின்.

சாதனா அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

"அவனை ஏன் அடிக்கறே? சரியாத்தான் கேக்கறான்."

மறுபடி ஊதினார். அதற்குப் பிறகும் ஊதினார். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

சாயங்காலம் நீலியம்மாவின் முன் போய் உட்கார்ந்தார். கையில் கப் இருந்தது. ஆறுக்குட்டி மகளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவளும் போகவில்லை. வெளியே புங்க மரத்தடியில் பிள்ளைகளோடு காத்திருந்தாள்.

"நோட்டீஸைக் கிழிச்சது யாரு?"

"நான்தானுங்க."

"பேசினது?"

"நானுங்க."

"சிரிச்சது?"

"அதுவுந்தானுங்க."

"இருமினது?"

"ஊருக்கே கேட்டிருக்குமே."

நீலியம்மா விளக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இதுவரை வைத்ததைவிடக் கிட்டத்தில்.

"ஊதுங்க. இன்னிக்கு அணைஞ்சிரும்."

அணைந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்தது. நெஞ்சு வலித்தது. ஆனாலும் அதற்கு இப்போது ஊதத் தெரிந்திருந்தது. சுடர் ஆடாமல் நின்றது. மரத்தடியிலிருந்து "விடுது பாரு, விடுது பாரு" என்று சத்தம் கேட்டது. இன்னொரு கப் தயாராகியிருக்க வேண்டும்.

ஆறுக்குட்டி சுடரையே பார்த்தார்.

"மாட்டேனுங்க."

"அணைச்சாத்தான் வீட்டுக்குப் போகலாம்னு சொன்னேன்."

"மாட்டேன். இருக்கிற கொஞ்சம் அணைக்கறதுக்கு இல்லீங்க."

நீலியம்மா விளக்கை எடுத்து மாடத்தில் வைத்தார். திரி கருகியிருந்த இடத்தைத் தூண்டிவிட்டார்.

"கடைசி பஸ் ஆறரைக்கு," என்றார். "ஓடினாப் பிடிச்சிரலாம்."