வழித்தெறிந்த சேறு

பண்ணைக்குட்டை ஒழுகியது. நட்ட மிளகாய் காய்ந்தது.

குட்டையை வெட்டியவர் திருவேங்கடம். பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருடம் அணைகட்டி ஓய்வு பெற்றவர். வறண்ட காட்டில் மழைத் தண்ணீரை நிறுத்தி வைப்பது எப்படி என்று படிக்க முதுகுளத்தூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குரு டாக்டர் சபூராவுக்கு நாற்பத்தொன்று. மண் படித்தவர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரியாதவர் தெரிந்தவரிடம் வந்தார்.

அந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. அதை மாசி வரை நிறுத்தினால் மிளகாய் தப்பும். நிறுத்தித் தருவதாகப் பதினோரு குடும்பங்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். போன வருடம் இருபத்திரண்டு நாளில் குட்டை வற்றியது. இந்த வருடமும் அவர் பேச்சை நம்பித்தான் விதைத்திருக்கிறார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. பாலித்தீன் விரித்தார். எலி கடித்தது. சிமெண்ட் பூசினார். வெயிலில் வெடித்தது. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுக் குருவிடம் போனார்.

"டாக்டரம்மா, தண்ணி நிக்கணும். என்ன செய்யணும்?"

சபூரா எழுந்து போனார். அடியில் ஓட்டை விழுந்த இரண்டு பழைய தொட்டிகளை இழுத்து வந்தார். இரண்டிலும் குட்டை மண்ணைக் கொட்டினார். ஒன்றில் அப்படியே தண்ணீர் ஊற்றினார். ஒழுகியது. மற்றதில் மண்ணை நனைத்தார். கொஞ்சம் சாணி போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி மிதித்தார். அரை மணி நேரம். திருவேங்கடம் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

சபூரா இறங்கி, தண்ணீர் ஊற்றினார். நின்றது.

"இவ்வளவுதானா! அணைக்கரையில இதைத்தானே செஞ்சோம். ஆட்டுக்கால் உருளைன்னு ஒண்ணு இருக்கு. உருளை பூரா குளம்பு மாதிரி முளை இருக்கும். மதுரையில சொல்லி வச்சா வந்துடும்."

"எப்ப வரும்?"

"மூணு வாரம்."

"பெருமழை?"

"பத்துப் பன்னிரண்டு நாள்ல வந்துடும்."

"அந்த உருளைக்கு ஏன் அந்தப் பேரு வச்சாங்க, சார்?"

"ஆடு மிதிக்கிற மாதிரி மிதிக்கும், அதான்." சொல்லிவிட்டுத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க நோட்டை எடுங்க. முதல் வருஷத்தைப் படிங்க."

படித்தார். "தண்ணீர் நின்ற நாள் எழுபது. இருளாயியின் எருமைகள் தினமும் இறங்கிப் புரண்டு கலக்குகின்றன. பெரும் தொல்லை."

"அடுத்த வருஷம்?"

"அடியில் படிந்த கருஞ்சேறு வழித்து எறியப்பட்டது. சுற்றி முள்வேலி போடப்பட்டது. எருமைகள் விரட்டப்பட்டன." குரல் இறங்கியது. "நின்ற நாள் இருபத்திரண்டு."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார் சபூரா.

அன்றைக்கே திருவேங்கடம் வேலியைப் பிரித்தார். ஆள் விடவில்லை. கையெல்லாம் முள்ளோடு இருளாயி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க, இஞ்சினியரய்யா. கம்பைக் காணோம்? வழியில போட்டுட்டு வந்துட்டீகளா?"

"உன் எருமையைக் குட்டையில விடணும், இருளாயி."

"எந்தக் குட்டையில? நாறடிக்கிதுகன்னு சொன்னீகளே, அதுலயா?"

"அதுலதான்."

"நாத்தம் போயிருச்சோ?"

"தண்ணியும் போயிருச்சு."

இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிளகா போட்டதுல எங்க அண்ணன் வீடும் ஒண்ணு. அதுக்காக வாறேன். ஒங்களுக்காக இல்ல."

அந்த வார மழையில் குட்டையடியில் கணுக்கால் தண்ணீர் கிடந்தது. மறுநாள் காலை ஒன்பது எருமைகள் கரையில் நின்றன. முன்னால் நின்றது மோழை. கொம்பில்லாத கிழட்டு எருமை. அது இறங்கினால் எல்லாம் இறங்கும். அது இறங்கவில்லை. இருளாயி அதட்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். அசையவில்லை.

"ஒங்களப் பாத்துத்தான் நிக்கிது. இதே கரையிலதான அடிச்சீக. முதுகுல தழும்பு கெடக்கு, பாருங்க."

திருவேங்கடம் பார்த்தார். "அப்ப நான் போயிடறேன்."

"போகாதீங்க, சார்," என்றார் கூட வந்திருந்த சபூரா. "இறங்குங்க."

"நானா?"

"மழை வர்ற வரைக்கும் தினமும் அது இங்க வரணும். தினமும் ஒளிஞ்சுக்குவீங்களா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுக்குட்டையில் போய் வெறுங்கையோடு நின்றார். வெயில் ஏறியது. எருமை அவரைப் பார்த்தது. அவர் எருமையைப் பார்த்தார். வெகுநேரம்.

மோழை ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு அவரைத் தாண்டிப் போய்ப் படுத்துப் புரண்டது. சேறு அவர் முகத்தில் தெறித்தது. துடைக்கவில்லை. மற்ற எட்டும் இறங்கின.

ஒன்பது நாள் மிதித்தன. ஈரம் காயாமல் அவர் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பத்தாம் நாள் மழை பிடித்தது.

மாசி முடிந்தும் குட்டையில் தண்ணீர் கிடந்தது. நூற்றுப் பதினெட்டு நாள். பதினோரு குடும்பத்துக் களத்திலும் மிளகாய் சிவந்தது.

திருவேங்கடம் அறிக்கை எழுதினார். கசிவைச் சரிசெய்தவர் என்ற இடத்தில் குருவின் பெயரைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். சபூரா அதை அடித்தார்.

"நான் மிதிச்சது தொட்டியில."

"இருளாயின்னு போடட்டுமா?"

"கேட்டேன். 'நான் எங்க மிதிச்சேன்? கரையிலதான நின்னேன்'னு சொல்லிட்டாங்க. அவங்க பேரு முதல் பக்கத்துல வரணும். அது வேற."

திருவேங்கடம் கொஞ்சம் தயங்கினார். "நானும் இறங்கினேன், டாக்டரம்மா."

"இறங்குனீங்க. உங்களை அங்க யாரும் அடிக்கல. அடி வாங்கின இடத்துல மறுபடி இறங்குனது யாரு?"

அவர் பேனாவைத் திறந்தார். மோழை என்று எழுதினார்.