மூன்று குட்டி, ஒரு முதுகு

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. முதுகு ஒன்று, குட்டி மூன்று. முதுகில் இரண்டு பேருக்குத்தான் இடம். நடுவில் ஆறு. அக்கரையில் பள்ளிக்கூடம். எந்தக் குட்டியையும் காவல் இல்லாமல் கரையில் விடக்கூடாது. எப்படிக் கடப்பது?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்த முதுகு காரி என்ற கரடியுடையது. மூத்த மகள் இலுப்பிக்குப் பள்ளிக்குப் போகும் வயது. அடுத்துப் பிறந்தவர்கள் இரட்டையர், உருண்டையும் திரண்டையும். சின்னக் கரடிக் குட்டிகள் அம்மாவின் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டுதான் ஊர் சுற்றும். இந்த இருவரும் தூங்கும்போதுகூடப் பிடியை விடுவதில்லை.

அந்தக் காட்டில் இரண்டு பள்ளிகள். அக்கரையில் மயில் டீச்சரின் அருவிப் பள்ளி. அங்கே விழுது ஊஞ்சல் உண்டு, பாட்டு வகுப்பு உண்டு. காடு முழுக்க அதன் பேச்சுதான். இக்கரையில் அழுங்கு வாத்தியாரின் புற்றடிப் பள்ளி. அவருக்கு உடம்பெல்லாம் செதில். யாராவது சத்தமாகப் பேசினால் பந்தாகச் சுருண்டுவிடுவார்.

"சுருண்டு கிடக்கிறவர் என்ன சொல்லித் தருவார்? என் மகள் அருவிப் பள்ளியில்தான் படிப்பாள்!" என்றாள் காரி.

ஆற்றங்கரைக்குப் போய், மூன்று பேரையும் முதுகில் ஏற்றிப் பார்த்தாள். தண்ணீரில் நாலடி வைப்பதற்குள் முதுகில் சண்டை.

"அம்மா, அக்கா என் மேல் உட்கார்ந்திருக்கிறாள்!"

"அது என் காது, விடுடா!"

திரண்டை வழுக்கித் தண்ணீரில் தொங்கினான். காரி பதறிக் கரையேறினாள்.

புதருக்குள் யாரோ சிரித்தார்கள். கழுதைப்புலி!

"என்னம்மா காரி, இதற்கா இந்தப் பாடு? பெரியவளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வா. சின்னவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீயா?" காரியின் மயிர் சிலிர்த்தது.

"பழசையே நினைக்காதே! எனக்குப் பல்லெல்லாம் ஆடுகிறது. இப்போது நான் சாப்பிடுவது பழமும் பூவும்தான். குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்! சீக்கிரம் போ. மயில் டீச்சரிடம் ஒரே ஓர் இடம்தான் பாக்கியாம்!"

ஒரே ஓர் இடம்! அதைக் கேட்டதும் காரிக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. முதுகிலிருந்து உருண்டையைப் பிய்த்து எடுத்தாள்.

"அம்மா, கொஞ்சம் இரு," என்றாள் இலுப்பி. "மாமா, தம்பிகளில் யார் உருண்டை, யார் திரண்டை?"

"அது எப்படியம்மா தெரியும்? எனக்கு இரண்டும் ஒன்றுதான்!"

"சரி, யார் கனம்?"

"அம்மா கையில் இருக்கிறவன்!" பதில் சட்டென்று வந்தது. "தொடையில் நல்ல சதை. முதுகில் இருக்கிறவன் கொஞ்சம் எலும்புதான். ஆனாலும் அந்தக் கன்னம் மெத்து மெத்தென்று..."

கழுதைப்புலி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. எச்சில் மட்டும் மூடிய வாயோரம் ஒழுகியது.

காரி உறுமினாள். அந்த உறுமலில் மரத்துக் குரங்குகள்கூட இடம் மாறி உட்கார்ந்தன. கழுதைப்புலி சிரிக்கவும் மறந்து ஓட்டம் பிடித்தது. பல் ஆடுகிறவன் ஓடுகிற ஓட்டமாக அது இல்லை!

உருண்டை மறுபடி முதுகில் ஏறிக்கொண்டான். காரி ஆற்றை விட்டுத் திரும்பி, புற்றடிப் பள்ளிக்கு நடந்தாள். வழியில் ஆறும் இல்லை, பாறையும் இல்லை. இரட்டையர் முதுகிலேயே தூங்கிப்போனார்கள்.

கரடியைப் பார்த்ததும் அழுங்கு வாத்தியார் பந்தாகிவிட்டார்.

இலுப்பி குனிந்து, பந்தின் பக்கத்தில் மெல்லச் சொன்னாள். "ஐயா, நான் இலுப்பி. படிக்க வந்திருக்கிறேன்."

பந்து கொஞ்சம் திறந்தது. ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது.

"கறையான் புற்றுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது, தெரியுமா?"

"தெரியாது, ஐயா."

"தெரியாதா? ரொம்ப நல்லது! வா, தேடுவோம்!"

காரி மகளைத் தனியே அழைத்தாள். "இலுப்பி, உனக்கு அந்த ஊஞ்சல் மேல் ஆசை என்று எனக்குத் தெரியும். தம்பிகள் நடக்கத் தொடங்கட்டும். அடுத்த மழை முடிந்ததும் உன்னை அருவிப் பள்ளியில் சேர்க்கிறேன். அதுவரை வீட்டில் இரு. இல்லையென்றால் இன்றே இங்கே சேர்ந்துகொள். நீயே சொல்."

இப்போது விடுகதைக்கு விடை கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த ஆற்றைக் கடக்கவே வேண்டாம். ஒரு பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது, மற்றப் பிள்ளைகளை யார் கையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இலுப்பி? புற்றுக்குள் காற்று போகும் வழியைத் தேட, அன்றே புற்றடிப் பள்ளியில் சேர்ந்தாள்.